தெய்வசிகாமணி வீட்டுக்கு வழி

தெய்வசிகாமணி ஊடுங்களா? ஏன் தெரியாது. இந்தக் கருக்கம்பாளையத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆனா அம்மிணி, இப்பப் போய்ப் பிரயோசனமில்லைங்க. மத்தியானம் சாப்பிட்டுட்டு அவரு சித்தெ கண்ணசர்ற நேரம் இது. நாலு மணிக்கு மேலதான் எந்திரிச்சு மூஞ்சி கழுவிட்டு வாசலுக்கு வருவாரு. எப்புடித் தெரியும்னு பாக்கறீங்களா? தெரியுமுங்க. அவரு எப்பச் சாப்பிடறாரு, எப்பத் தூங்கறாரு, மீசைக்கு டை அடிக்க எந்தச் சலூனுக்குப் போறாரு, அத்தனையும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு அவரு சம்சாரத்துக்கே தெரியாது.

வெயில்ல ஏன் நிக்கறீங்க, இப்புடி பெஞ்சுல உக்காருங்க. இந்த பேக்கரியில டீ நல்லா இருக்கும். ஏனுங்க, ரெண்டு டீ போடுங்க, எனக்குச் சக்கரை வேண்டாம். அம்மிணிக்கு ஒரு தேங்கா பன்னு.

பத்திரிகைங்களா? மெட்ராசுல இருந்தா? அடேங்கப்பா. அவரு தோத்ததை எழுதறதுக்கு மெட்ராசுல இருந்து வந்திருக்கீங்க. அவரு செயிச்சப்பவும் வந்தாங்க, கட்சி மாறுனப்பவும் வந்தாங்க, இப்பத் தோத்ததுக்கும் வந்துட்டீங்க. அந்தாளு தடுக்கி உழுந்தாக்கூட பேப்பர்ல ஒரு போட்டோ வந்துருமாட்ட இருக்குது.

என்ன எழுதோணும், ஜனங்களோட மனநிலையா? அதை எங்கிட்டக் கேளுங்க, சுருக்கமாச் சொல்லிப்புடறேன். கட்சி மாறுனவனுக்கு ஓட்டு இல்லை. அவ்வளவுதானுங்க. அதை எழுதிட்டு அடுத்த பஸ்ஸுக்கே நீங்க கெளம்பிரலாம். அவரு ஊட்டுக்குப் போகோணும்னு அவசியமே இல்லை. போனா காப்பி குடுப்பாங்க, முறுக்கு குடுப்பாங்க, அவரு சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவாரு, நீங்களும் அவருக்குச் சாதகமா நாலு வரி எழுதிருவீங்க. எல்லாரும் அங்க போனா அப்புடித்தான் ஆயிப்போறாங்க.

நான் யாருன்னு சொல்லலியே. என்ற பேரு சென்னியப்பன். இந்தப் பேரூராட்சிக்கு நம்ம கட்சி அவைத்தலைவர். நம்ம கட்சின்னா எதுன்னு வேட்டிக் கரையைப் பாத்தாலே தெரியும். அவைத்தலைவர்ங்கறது பெரிய பதவிங்க. எந்தக் கூட்டம் நடந்தாலும் அவைத்தலைவர்தான் தலைமை தாங்கோணும். தலைமை தாங்கறதுன்னா, கூட்டம் தொடங்கறதுக்கு முன்னாலயே போய் நடு நாற்காலியில உக்காந்துக்கோணும். எல்லாரும் பேசி முடிச்சு, மைக் செட்டுக்காரன் வயரைச் சுத்தற வரைக்கும் உக்காந்திருக்கோணும். நடுவுல பேசச் சொல்ல மாட்டாங்க. ஆனா பேசறவங்க ஒவ்வொருத்தரும் முதல்ல, "தலைமை ஏற்றிருக்கும் அண்ணன் சென்னியப்பன் அவர்களே"ன்னு சொல்லித்தான் ஆரம்பிக்கோணும். அது ஒரு மரியாதை. கல்யாணத்துக்கு முன்னாலயே கட்சிக்கு வந்தவனுங்க நான். ஒருக்காக்கூட வேட்டிக் கரை மாறுனதில்லை.

அவரு அப்ப எதிர்க்கட்சி. அந்தக் கட்சியில நின்னுதான் பேரூராட்சித் தலைவர் ஆனாரு. அதுக்கு முந்தி வேற ஒரு கட்சி. அதுக்கும் முந்தி ஒண்ணு இருந்துச்சு, அந்தக் கட்சியே இப்ப இல்லை. எதிர்க்கட்சியில இருந்த வரைக்கும் எனக்கு அவரு மேல ஒண்ணும் இல்லீங்க. எதிரின்னா எதிரி, அவ்வளவுதான். பொறாமையெல்லாம் அப்பவும் இல்லை, இப்பவும் இல்லை. அதை முதல்லயே சொல்லிப்புடறேன், ஏன்னா ஊருக்குள்ள வேற மாதிரி சொல்லுவாங்க.

போன உள்ளாட்சித் தேர்தல் முடிஞ்சு கொஞ்ச நாள்ல நம்ம கட்சி ஆட்சிக்கு வந்துச்சு. அந்தச் சமயத்துல மூத்த உறுப்பினர் பாராட்டு விழான்னு ஒண்ணு, இதே மெயின் ரோட்டு மண்டபத்துல வெச்சாங்க. மூத்த உறுப்பினர்னா இந்த ஊர்ல நான்தான். எனக்குப் போத்தறதுக்குன்னு ஒரு சால்வை வந்துச்சு. அரக்குக் கலரு, தங்கக் கரை, பளபளன்னு இருந்துச்சு. நானே மேசை மேல அதைப் பாத்தேன். காலையில இருந்து அந்தச் சால்வையவே பாத்துட்டு உக்காந்திருக்கறேன். மாவட்டச் செயலாளர் வந்தாரு. அவரு பொறத்தாலயே வேன்ல, கார்ல, டெம்போவுல ஒரு கூட்டம். யாருன்னு பாத்தா தெய்வசிகாமணி. புதுக் கரை வேட்டி, கஞ்சி மொடமொடப்புக் கூடப் போகலை. நம்ம கட்சியில சேர வந்திருக்காராம்.

சேர வந்தவருக்குச் சால்வை போத்தோணுமே. சால்வை ஒண்ணுதான் இருக்குது. மாவட்டம் மேசையைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. "சென்னியப்பண்ணே, அதை எடுங்க, நீங்களே அவருக்குப் போத்திவிடுங்க, அதுதான் பொருத்தமா இருக்கும்"னாரு. நான் எடுத்துப் போத்துனேனுங்க. என்ற சால்வையை என்ற கையாலயே. ஜனங்க கை தட்டுனாங்க. நான் சிரிச்சேன், போட்டோவுல பாத்தா நான் சிரிச்சுட்டுத்தான் இருக்கறேன். அவரு ஊட்டு முன்னறையில அந்தப் போட்டோவைக் கண்ணாடி போட்டு மாட்டி வெச்சிருக்காரு. நீங்க போனா பாப்பீங்க.

அதுக்கப்பறம் எல்லாமே அப்புடித்தானுங்க. ஃப்ளெக்ஸ்ல என்ற படம் முந்தி சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருக்கும். அவரு வந்தாரு, என்ற படம் கீழ்வரிசைக்குப் போச்சு. அடுத்த ஃப்ளெக்ஸ்ல ஓரத்துக்குப் போச்சு. போன பொங்கலுக்கு வெச்சதுல என்ற மூஞ்சி மேல ஆணி அடிச்சிருந்தாங்க. வேணும்னு அடிச்சதில்லை, கம்பத்துல மாட்டறதுக்கு அந்த மூலைதான் வாகா இருந்துச்சாம். மேடையில மட்டும் நடு நாற்காலி எனக்குத்தான். ஆனா கூட்டத்தோட கண்ணு நடு நாற்காலியப் பாக்கறதில்லையே. அவரு எந்த ஓரத்துல உக்காந்தாலும் அந்த ஓரந்தான் நடுவாப் போயிருது.

ஊர்ல கொழந்தை பொறந்தா அவருகிட்டத்தான் தூக்கிட்டுப் போறாங்க, பேரு வைக்கச் சொல்லி. கேக்கறவங்க கேக்கட்டும். என்ற மகளே கேட்டா அம்மிணி. என்ற பேரனுக்கு. நான் ஊட்டுல இருக்கறேன், முப்பத்தஞ்சு வருசமாக் கட்சியில இருக்கறவன், ஒரு பேரு வைக்கத் தெரியாதா எனக்கு? மனசுக்குள்ள ஒரு பேரு வெச்சே இருந்தேன். மாப்பிள்ளைக்கு ஏதோ காண்ட்ராக்ட் சோலி ஆகோணுமாம், அதனால அவருகிட்டத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அவரும் வெச்சாரு. நல்ல பேருதான் வெச்சாரு, அதை நான் இல்லைன்னு சொல்லலை. ஒவ்வொருக்காவும் அந்தப் பேரைச் சொல்லித்தான் நான் என்ற பேரனைக் கூப்பிடோணும்.

இன்னொண்ணு அந்தப் பேனா. சட்டைப் பையில ஒரு பேனா வெச்சிருப்பாரு, பச்சை மை. தலைவர் ஆன அன்னிக்கு வாங்குனது. கல்யாணப் பத்திரிகையில பேரு எழுதுனாலும் பச்சை, ரேசன் கடைக்குச் சீட்டு எழுதிக் குடுத்தாலும் பச்சை, கோயில் நோம்பிக்கு நன்கொடை எழுதுனாலும் பச்சை. பேரூராட்சித் தலைவருக்குப் பச்சை மையில கையெழுத்துப் போடறதுக்குச் சட்டத்துல எடம் இருக்குதான்னு நானே தாலுக்கா ஆபீசுல போய் விசாரிச்சேனுங்க. சிரிச்சாங்க. "அவரு காசு, அவரு மை, உங்களுக்கு என்னங்க"ன்னாங்க. இந்த ஊர்ல பச்சை மை வெச்சிருக்கறது ரெண்டே பேரு. ஒண்ணு அவரு, இன்னொண்ணு மேல்நிலைப்பள்ளி ஹெட்மாஸ்டரு. ஹெட்மாஸ்டரு கவருமெண்டு ஆளு, கட்சிப் பக்கமே வர மாட்டாரு. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பொறவு சொல்றேன்.

டீ ஆறுது, குடிங்க.

இப்ப மறுக்கா உள்ளாட்சித் தேர்தல் வருதுங்களா. தலைவர் பதவிக்கு நம்ம கட்சி சார்பா யாரு நிக்கறதுன்னு எப்பவும் தலைமைதான் சொல்லும். இந்தத் தடவை புதுசா ஒரு உத்தரவு. மேல இருந்து யாரையும் திணிக்க மாட்டோம், அந்தந்த ஊர்க் கட்சிக்காரங்களே ஓட்டுப் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுங்கன்னு சொல்லிட்டாங்க. உறுப்பினர் அட்டை இருக்கறவங்க எல்லாருக்கும் ஓட்டு. எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. இத்தனை வருசத்துல எனக்குன்னு வந்த ஒரே ஒரு வாய்ப்பு அது. என்ற வயசுக்கு இனி அடுத்த தேர்தல் கெடையாது. ஒரே ஒருக்கா, பேப்பர்ல "வேட்பாளர்"னு என்ற பேரு வரோணும். செயிக்கறது தோக்கறது அப்பறம். நம்ம கட்சி வேட்பாளர் சென்னியப்பன்னு இந்தச் செவுத்துல ஒருக்கா எழுதோணும். அதுக்குத்தான் நின்னேன்.

ஆமாங்க, நானும் நின்னேன். உங்களுக்குத் தெரியாதுங்களா? தெரியாதுதான். பேப்பர்ல "தெய்வசிகாமணி தோல்வி"ன்னு மட்டும்தான் போட்டிருந்தாங்க.

நின்னது மூணு பேரு. அவரு, நான், கோகிலவாணின்னு ஒரு பொண்ணு. கிழக்கு வீதியில மாவு மில்லு வெச்சிருக்குது. புருசன் லாரி ஓட்டறாரு. அது கட்சிக்கு வந்து வருசம் கூட ஆகலை. அதுக்கு முந்தி எதிர்க்கட்சி மகளிரணியில இருந்துச்சு. இல்லீங்க, அது கட்சி மாறுனதுல சேராது. அது வேற. அது என்னமோ தண்ணிப் பிரச்சினையில கோவிச்சுட்டு வந்துச்சு. அந்தப் பொண்ணு பெருசா ஓட்டுக் கேக்கவே இல்லை. ஊடு ஊடாப் போய், "உங்க வீதியில தண்ணி வந்து எத்தனை நாளாச்சு"ன்னு கேக்கும், அடுத்த ஊட்டுக்குப் போயிரும். ஒரு நாள் காலிக் கொடத்தையெல்லாம் கொண்டுபோய் பேரூராட்சி ஆபீசுல அதிகாரி ஜீப்பு முன்னால அடுக்கி வெச்சுட்டு உக்காந்துக்கிச்சு. ஆளுங்கட்சில இருந்துட்டு நம்ம ஆபீசு முன்னாலயே இப்புடிப் பண்ணலாமா? கட்சிக் கட்டுப்பாடு தெரியாத பொண்ணு. எனக்கு அதைப் பத்தி யோசனையே இல்லை.

என்ற யோசனை முழுக்க அவரு மேலதான். நானும் ஊடு ஊடாப் போனேனுங்க. காலு வீங்கிப் போச்சு. ஒவ்வொரு ஊட்டுலயும் உக்காந்து, அவரு எந்தெந்தக் கட்சியில எப்பெப்ப இருந்தாருன்னு ஒண்ணு விடாமச் சொன்னேன். ஜனங்க ஆர்வமாத்தான் கேட்டாங்க. சில பேரு நடுவுல, "ஆமாங்க, அந்தக் கட்சியில இருந்தப்பத்தான் சுடுகாட்டுக்குக் கொட்டகை போட்டாரு"ம்பாங்க. "அதுக்கடுத்த கட்சியிலதானே பள்ளிக்கூடத்துக்குக் காம்பவுண்டு"ம்பாங்க. அதையெல்லாம் நான் காதுல வாங்கிக்கலை. எந்திரிக்கறப்ப ஒண்ணு சொல்லுவேன். எல்லா ஊட்டுலயும் அதையே சொன்னேன். "எனக்குப் போடாட்டியும் பரவால்லைங்க. அவனுக்கு மட்டும் போட்றாதீங்க. அவன் தோத்தாச் சரி."

நல்லா எடுபட்டுச்சுங்க அந்தப் பேச்சு. கேட்டவங்கல்லாம் தலையாட்டுனாங்க. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பி வெச்சாங்க.

என்ற ஊட்டுக்காரி, சரசாள்னு பேரு, அவளுக்கும் உறுப்பினர் அட்டை இருக்குது. ஒரு நாள் சோறு போடறப்பச் சொன்னா. "அவரு கட்சி மாறுனதைப் பத்தி யாரும் இங்க வருத்தப்படலீங்க. அந்தக் கட்சியில இருந்தப்ப அதிகாரியோட சண்டை போட்டாரு, ஆத்துத் தண்ணி வந்துச்சு. நம்ம கட்சிக்கு வந்தாரு, சத்தத்தையே காணோம். கேட்டா மேலிடத்துல பேசிட்டிருக்கேங்கறாரு. நமக்குச் சத்தம் போடறதுக்கு ஒரு ஆளு வேணுமில்லீங்களா?"

பொம்பளைங்களுக்கு அரசியல் எங்க தெரியுது. தப்பா நெனைக்காதீங்க அம்மிணி, உங்களைச் சொல்லலை, நீங்க படிச்சவங்க. அரசியல்ல கொள்கைன்னு ஒண்ணு இருக்குது. தண்ணி இன்னைக்கு வரும், நாளைக்கு நிக்கும். கொள்கை அப்புடியில்லை. நான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள பக்கத்து ஊட்டுல குழாய்ல தண்ணி வர்ற சத்தம் கேட்டுச்சு, கொடத்தை எடுத்துட்டு ஓடிட்டா.

ஓட்டெடுப்பு அன்னைக்கு மண்டபத்துல நல்ல கூட்டமுங்க. அதே மண்டபம், எனக்கு வந்த சால்வை அவருக்குப் போன அதே மண்டபம். மாவட்டத்துல இருந்து ஒரு வக்கீலைப் பார்வையாளரா அனுப்பியிருந்தாங்க. மணமகள் அறையில ஒரு மேசை போட்டு, மறைப்புக்கு ஒரு சேலையக் கட்டி, உள்ள ஒரு நீலப் பேனாவை நூல்ல கட்டித் தொங்க விட்டிருந்தாங்க. சீட்டுல மூணு பேரு, வேணுங்கற பேருக்கு நேரா டிக்கு அடிச்சு மடிச்சுப் பெட்டியில போட்டுரோணும். அவரு வரிசையில எனக்கு ரெண்டு ஆளு முன்னால நின்னாரு. நான் அவரு முதுகையே பாத்துட்டு நின்னேன். ஒருக்காத் திரும்பி, "அண்ணா, நாற்காலி போடச் சொல்லட்டுங்களா, உக்காந்துக்கறீங்களா"ன்னாரு. வேண்டாம்னுட்டேன். பாத்தீங்களா, எத்தனை தந்திரம். நாலு பேரு பாக்கறப்ப என்னையக் கெழவன் ஆக்கறது.

அவரு உள்ள போய்ட்டு ஒரு நிமிசத்துல வந்துட்டாரு.

அப்பத்தான் குப்பண்ணன் என்ற காதுகிட்ட வந்தாரு. குப்பண்ணன் என்ற பேரை முன்மொழிஞ்சவரு, ரொம்ப வருசப் பழக்கம். "சென்னியப்பா, அவரும் அந்தப் பொண்ணும் சரிக்குச் சரியாப் போகுதுன்னு பேசிக்கறாங்க, ஒரு ஓட்டு ரெண்டு ஓட்டுலதான் முடியுமாட்ட இருக்குது"ன்னாரு. அவன் செயிச்சுட்டா? மறுக்கா அவனே நின்னு, அவனே தலைவராகி, என்ற கையாலயே இன்னொரு சால்வை? சேலை மறைப்புக்குள்ள போனேன். பேனா எடுத்தேன். சீட்டுல என்ற பேரு மூணாவதா இருந்துச்சு. அச்சுல என்ற பேரு. அதைச் சித்தெ நேரம் பாத்துட்டே நின்னேன். வெளிய இருந்து, "சீக்கிரமுங்க"ன்னு சத்தம் போட்டாங்க.

கோகிலவாணிக்குப் போட்டேனுங்க.

என்ன அப்புடிப் பாக்கறீங்க? யோசிச்சுப் பாருங்க. எனக்குப் போட்டா அது ஒரு ஓட்டு, அவ்வளவுதான். அந்தப் பொண்ணுக்குப் போட்டா அது அவனுக்கு எதிரா விழற ஓட்டு. என்ற ஒரு ஓட்டு எனக்குக் கொறஞ்சா என்ன, மத்தவங்க போடாமயா போவாங்கன்னு நெனைச்சேன். குப்பண்ணன் இருக்காரு, வழிமொழிஞ்ச சுப்பராயன் இருக்காரு, சரசாள் இருக்கறா, மகள் இருக்கறா, மாப்பிள்ளை இருக்காரு. இத்தனை ஊட்டுல டீ குடிச்சிருக்கறேன்.

எண்ண ஆரம்பிச்சாங்க. வக்கீலு ஒவ்வொரு சீட்டாப் பிரிச்சு, பேரைச் சொல்லி மூணு கட்டா வெச்சுட்டு வந்தாரு. ஒரு கட்டு கோகிலவாணி, ஒரு கட்டு தெய்வசிகாமணி. அது ரெண்டும் உசந்துட்டே போகுது. என்ற எடத்துல வெறும் மேசை. மேசையில ஒரு பழைய மஞ்சக் கறை, ஏதோ கல்யாணத்துல ஆனது. அதைப் பாத்துட்டே நின்னேன். குப்பண்ணனைத் திரும்பிப் பாத்தேன், அவரு அண்ணாந்து ஃபேனைப் பாத்துட்டிருந்தாரு. சுப்பராயன் மூக்குக் கண்ணாடியைத் துடைச்சாரு. பொறவு அந்த ரெண்டு பேரும் எங்கிட்டச் சொன்னது ஒண்ணுதான். "நீதானப்பா சொன்னே, உனக்குப் போடாட்டியும் பரவால்ல, அவன் தோத்தாச் சரின்னு."

பெட்டி காலியாகற சமயத்துல வக்கீலு ஒரு சீட்டைப் பிரிச்சாரு. அதைத் தூக்கி வெளிச்சத்துல புடிச்சாரு. "சென்னியப்பன்"னாரு.

ஒரு ஓட்டுங்க எனக்கு. டிக்கு நல்லா அழுத்தமா, வளைவா, அழகா அடிச்சிருந்துச்சு. பச்சை மையில.

அந்த மையை இந்த ஊர்ல தெரியாத ஆளு யாருங்க? ரேசன் சீட்டு வாங்காத ஆளு யாரு? என்ற மாப்பிள்ளை தலையைக் குனிஞ்சுட்டாரு.

வக்கீலு வெளியூரு, அவருக்கு விசயம் தெரியாது. "அண்ணே, இது மறைப்புக்குள்ள வெச்ச பேனாவுல அடிச்சது இல்லை. விதிப்படி செல்லாதுன்னு தள்ளலாம். மூணு பேரும் ஒத்துக்கிட்டா சேத்துக்கறேன்"னாரு. கோகிலவாணி, "சேத்துக்குங்க"ன்னுச்சு. அவரு ஒரு ஓரமா நின்னுட்டிருந்தாரு, "எனக்கு ஆட்சேபணை இல்லீங்க"ன்னாரு. ரெண்டாவது எடத்துக்குப் போயிட்டோம்னு அந்நேரத்துக்கு அவருக்குத் தெரிஞ்சு போச்சு. ஆனா மூஞ்சியில ஒண்ணும் காட்டலை. வக்கீலு எம்பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கண்ணே, செல்லுமா, செல்லாதா?"ன்னாரு.

அம்மிணி, நீங்க பேப்பர்ல என்னென்னமோ எழுதறீங்க. அந்த எடத்துல என்னைய நிக்க வெச்சுக் கேட்டாங்களே, அதை யாராச்சும் எழுதுனாங்களா? செல்லாதுன்னா எனக்கு ஓட்டே இல்லை. அவைத்தலைவருக்குச் சைபர். காலத்துக்கும் சைபர்னு சொல்லுவாங்க. செல்லும்னா அவன் போட்ட பிச்சையை இத்தனை பேரு முன்னால மடியேந்தி வாங்கிக்கறேன்னு அர்த்தம். சரசாள் பொம்பளைங்க பக்கத்துல நின்னா. அவளைப் பாத்தேன். அவ என்னையப் பாக்கலை, அவளும் எனக்குப் போடலைன்னு அப்பத் தெரிஞ்சுக்கிட்டேன்.

செல்லும்னு சொன்னேனுங்க. வக்கீலுக்குக் கேக்கலை, மறுக்காக் கேட்டாரு. மறுக்காச் சொன்னேன்.

கோகிலவாணி செயிச்சுது. அவரு போய் அந்தப் பொண்ணுக்குக் கைகூப்பி வாழ்த்துச் சொன்னாரு. எங்கிட்ட வந்தாரு. ஏதாச்சும் சொல்லுவாரு, நானும் பதிலுக்கு நல்லாக் கேட்டுப்புடோணும்னு நெஞ்செல்லாம் வார்த்தையா நிக்கறேன். "அண்ணா, கீழ சாப்பாடு இருக்குதாமா, சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னாரு. அவ்வளவுதான். அந்தப் பேனா சட்டைப் பையில அப்புடியே குத்தி இருந்துச்சு.

ஏன் எனக்குப் போட்டாருன்னு கேக்கறீங்களா? ஊர்ல ஒவ்வொருத்தரு ஒவ்வொண்ணு சொல்றாங்க. தனக்குத்தானே ஓட்டுப் போட்டுக்கறது நாகரிகமில்லைன்னு அவரு எப்பவும் சொல்லுவாராம். பெரியவருக்கு ஒரு ஓட்டாச்சும் விழட்டும்னு நெனைச்சாராம். மரியாதையாம். எனக்குத் தெரியும் அம்மிணி, அது கர்வம். எப்புடியும் செயிச்சிருவோம், ஒரு ஓட்டைக் கெழவனுக்கு வீசிட்டுப் போவோம்ங்கற கர்வம். நீலப் பேனா அங்கயே தொங்குதே, அதுல அடிச்சிருந்தா யாருக்குத் தெரியும்? எனக்கும் தெரிஞ்சிருக்காது. யாரோ ஒருத்தரு மனசாரப் போட்டாங்கன்னு நெனைச்சுட்டு நிம்மதியா இருந்திருப்பேன். வேணும்னே அடிச்சிருக்கான். சரசாள் கேட்டா, "அவருக்குச் சட்டைப் பையில கை போறது பழக்கம், இதுல என்ன வேணும்னே"ன்னு. அவளுக்கு அவனைத் தெரியாது.

தோத்ததும் அவருக்கு எறங்குமுகம்னு நெனைச்சேன். போய்ப் பாருங்க, ஊட்டு முன்னால வண்டி நிறுத்த எடமில்லை. ஆறுதல் சொல்ல வர்றாங்களாம். பொம்பளைங்க அழுகறாங்களாம். கோகிலவாணியே போயி அவரு கால்ல உழுந்து, ஒத்தாசை பண்ணுங்கன்னு கேட்டுட்டு வந்துச்சாம். இப்ப மறுக்கா அதிகாரியோட சண்டை போடறாராம், நேத்து எங்க வீதிக்குக் கூடத் தண்ணி வந்துச்சு. நானும் அதே நாள், அதே மண்டபத்துலதானே தோத்தேன். என்ற ஊட்டுக்கு ஒரே ஒருத்தரு வந்தாங்க. பக்கத்து ஊட்டுக்காரரு, ஏணி கேட்டு வந்தாரு. பல்பு மாத்தோணுமாம்.

மணி என்னாச்சு, நாலு ஆயிருச்சுங்களா? அப்ப எந்திரிச்சிருப்பாரு.

இந்த ரோட்டுலயே நேராப் போங்க. தண்ணித் தொட்டி வரும், அவரு கட்டுனதுதான், பேரு எழுதியிருக்கும். அதுல சோத்தாங்கைப் பக்கம் திரும்புனா மூணாவது ஊடு. கூட்டம் நிக்கும், கேக்கவே வேண்டாம். உள்ள போனதும் செவுத்துல அந்தப் போட்டோவைப் பாருங்க. அரக்குச் சால்வை போத்தறது நான்தான். பேசிட்டே இருக்கறப்ப, சும்மாப் பேச்சுவாக்குல, யாருக்கு ஓட்டுப் போட்டீங்கன்னு கேளுங்க. இல்லை, வேண்டாம். கேக்காதீங்க. கேட்டா சிரிப்பாரு, சிரிச்சா நீங்களும் அவரு பக்கம் போயிருவீங்க.

ஒரே ஒரு உதவி பண்ணுங்க அம்மிணி. அவரைப் பத்தி எத்தனை வேணும்னாலும் எழுதிக்குங்க, போட்டோவும் போட்டுக்குங்க. கடைசியில ஒரு வரி, "அவைத்தலைவர் சென்னியப்பனுக்கு ஒரு ஓட்டுக் கிடைத்தது"ன்னு எழுதுங்க. என்ன நெறம்னு எழுத வேண்டாம். உங்க பேப்பர்ல எல்லாமே கறுப்பு மையிலதானே வரும்.